மஞ்சள் ஒயினில் மணப்பது மசாலா அன்று

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில் பிரான்சின் பழைய ஒயின்களைப் பற்றி வெளியான கட்டுரையை ஆவலோடு படித்தேன். இப்படியொரு பொருளுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியது மகிழ்ச்சியே. ஆனால் ஜூரா மலைப்பகுதியின் மஞ்சள் ஒயினைப் பற்றி அதில் இருந்த பத்தி, முப்பத்தோராண்டுகள் வேதியியல் கற்பித்த என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. வெள்ளை ஒயின் பழையதானால் மஞ்சளித்துக் கெட்டுவிடும் என்றும், அப்படிக் கெட்டதை விற்பதற்காக ஜூராக்காரர்கள் அதில் கறிமசாலா மணத்தைச் சேர்க்கிறார்கள் என்றும், போதாக்குறைக்குப் புட்டியின் அளவையும் குறைத்து வாங்குபவரை ஏமாற்றுகிறார்கள் என்றும் பொருள்பட அங்கே எழுதப்பட்டிருக்கிறது. மூன்றுமே தவறு. அவற்றுள் நடுவில் நிற்கும் மசாலாக் குற்றச்சாட்டே பெரிய தவறு என்பதால், அதைப் பற்றியே அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குடிக்குமாறு யாரையும் தூண்டுவது என் நோக்கமன்று. எங்கள் வீட்டில் ஒரு புட்டி திறந்தால் அது வாரக்கணக்கில் அலமாரியில் நிற்கும். பெசான்சோன் நகரில் நாற்பது ஆண்டுகளாக வாழும் என் அக்காளின் வீட்டுக்கு நான்கைந்து முறை போய்வந்ததில், அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஜூராவின் நிலவறைகளைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றுக்கும் இப்படி ஒரு கால் பிரான்சில் இருப்பது தாங்கள் அறியாததன்று.

ஜூரா என்பது பர்கண்டிக்கும் சுவிட்சர்லாந்து எல்லைக்கும் இடைப்பட்ட, பிரான்சின் கிழக்கோரத்து மலைச்சரிவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய வேர்ப்பூச்சி, பிரான்சின் பிற பகுதிகளைப் போலவே அங்கும் கொடிகளை அழித்தது. அதற்கு முன் ஏறக்குறைய 20,000 ஹெக்டேரில் இருந்த திராட்சைத் தோட்டங்கள், இன்று 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டன. இந்தச் சிறு பரப்பிலும் மஞ்சள் ஒயினுக்கு என்று ஒரே ஒரு திராட்சை வகைதான் சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் சவஞ்ஞேன். சிறிய காய், தடித்த தோல், தாமதமாகப் பழுக்கும் குணம், பழுத்த பிறகும் குறையாத புளிப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். சாம்பலும் நீலமுமான சுண்ணாம்புக் களிமண்ணில் அது நன்றாக வளர்கிறது. அக்டோபர் மாதத்தில் பறித்துப் பிழிந்து, நொதிக்க வைத்து, சர்க்கரை முழுவதும் தீர்ந்த பிறகு கிடைப்பது சாதாரணமான, வெளிறிய, புளிப்பான ஒரு வெள்ளை ஒயின். இதுவரை இதில் புதுமை ஏதும் இல்லை.

புதுமை பீப்பாயில்தான் தொடங்குகிறது. நம் வீடுகளில் ஊறுகாய்ச் சாடியைப் பாதுகாக்கும் முறை எல்லோருக்கும் தெரியும். காயின் மேல் எண்ணெய் நிற்க வேண்டும். எண்ணெய் குறைந்து காற்றுப்பட்டால் மேலே பூசணம் பூக்கும். உலகத்தின் பெரும்பாலான ஒயின் தயாரிப்பாளர்களும் இதே கவலையுடன்தான் வாழ்கிறார்கள். மரப் பீப்பாயின் துளைகள் வழியே ஒயின் சிறிது சிறிதாக ஆவியாகிக்கொண்டே இருப்பதால், மேலே இடைவெளி விழாதபடி சில வாரங்களுக்கு ஒருமுறை அதே ஒயினை ஊற்றி நிரப்பிவிடுவார்கள். ஜூராவில் மஞ்சள் ஒயினுக்கான பீப்பாயை மட்டும் அப்படி நிரப்புவதில்லை. 228 லிட்டர் கொள்ளும் பழைய ஓக் பீப்பாயில் ஒயினை ஊற்றி, அடைத்து, தொடாமல் விட்டுவிடுகிறார்கள். மட்டம் இறங்குகிறது, மேலே காற்று நிறைகிறது. சில மாதங்களுக்குள், காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிவதைப் போல, ஒயினின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய ஓர் ஆடை படிகிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதை 'வுவால்', அதாவது முகத்திரை என்கிறார்கள். நம் 'ஆடை' அதைவிடப் பொருத்தமான சொல் என்பது என் எண்ணம்.

இந்த ஆடை பூசணம் அன்று. சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றிய அதே இனத்து ஈஸ்ட்டின் சில வகைகள், தின்னச் சர்க்கரை இல்லாத நிலையில், மேற்பரப்புக்கு ஏறி, காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு ஆல்கஹாலையே உணவாகக் கொள்ளத் தொடங்குகின்றன. அவை ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகி மிதக்கின்றன. வெயிற்காலத்தில் வெப்பமும் குளிர்காலத்தில் குளிரும் ஏறி இறங்கும் நிலவறைகளையே, சில இடங்களில் பரண்களையே, இதற்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். பருவத்துக்குப் பருவம் ஆடை தடிக்கும், மெலியும், கிழிந்து அடியில் படியும், மீண்டும் புதிதாக வளரும். ஆக்சிஜனை ஆடை முதலில் எடுத்துக்கொள்வதால், அடியிலுள்ள ஒயினுக்குக் காற்று அளவோடுதான் போய்ச்சேர்கிறது. ஆடை கிழிந்து, அந்த இடத்தை அசிட்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியா பிடித்துக்கொண்டால் பீப்பாய் முழுவதும் காடியாகிவிடும். ஆகவே ஆண்டுக்கு இருமுறையாவது ஒயினை எடுத்துச் சோதிப்பார்கள்; மேலிருந்து எடுத்தால் ஆடை கலையும் என்பதற்காகப் பீப்பாயின் முகப்பில் சிறு குழாய் ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். தேறாத பீப்பாய் மஞ்சள் ஒயின் என்ற பெயரை இழந்துவிடும். நான் பார்த்த ஒரு நிலவறையில் பத்துப் பீப்பாய்களில் மூன்றின் மேல் சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி போடப்பட்டிருந்தது. காரணம் கேட்டபோது அந்தத் தோட்டக்காரர் தோளைக் குலுக்கினாரே தவிர, விளக்கம் ஏதும் தரவில்லை.

காக்கும் ஆடை எது, கெடுக்கும் ஆடை எது என்று நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பிரித்துக் காட்டியவர்களுள் முதன்மையானவர் அதே மண்ணின் மைந்தர் என்பது ஒரு பொருத்தம். லூயி பாஸ்டர் 1822ஆம் ஆண்டு ஜூராவின் தோல் நகரில் பிறந்து, ஆர்புவா என்ற சிற்றூரில் வளர்ந்தவர். ஒயின்கள் கெட்டுப்போவதன் காரணத்தைக் கண்டறியுமாறு 1863இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டதை ஏற்று, தம் ஊர் ஒயின்களையே பெரிதும் ஆராய்ந்து, 1866இல் முடிவுகளை நூலாக வெளியிட்டார். ஒயினைப் பழுக்கவைப்பதும் ஆக்சிஜன்தான் என்று வலியுறுத்தியவர் அவர். பாலைக் காய்ச்சிக் காக்கும் முறைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறோம். அந்த முறை முதலில் ஒயினுக்காகவே உருவானது என்பதை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள்.

இனி மசாலாவுக்கு வருகிறேன். ஆடையிலுள்ள ஈஸ்ட் ஆல்கஹாலை உண்ணும்போது இடையில் அசிட்டால்டிஹைடு என்ற பொருள் உண்டாகிறது. சாதாரண வெள்ளை ஒயினில் மிகக் குறைவாக இருக்க வேண்டிய இது, மஞ்சள் ஒயினில் லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் வரை சேர்கிறது. நறுக்கி வைத்த ஆப்பிளின் மணமும் பச்சை அக்ரூட் கொட்டையின் மணமும் இதனால் வருபவை. ஆண்டுகள் செல்லச் செல்ல, ஈஸ்ட்டின் சிதைவிலிருந்து கிடைக்கும் கீட்டோபியூட்டிரிக் அமிலத்தோடு இந்த அசிட்டால்டிஹைடு வினைபுரிந்து, சோட்டலோன் என்ற மற்றொரு சேர்மத்தைத் தருகிறது. இந்தச் சோட்டலோன்தான் கட்டுரையாளர் 'கறிமசாலா' என்று நினைத்த மணத்துக்குக் காரணம். நம் சமையலறை வெந்தயத்தின் மணத்துக்கும் தலையாய காரணம் அதே சேர்மமே. வெந்தயம் அதிகம் சாப்பிட்ட மறுநாள் வியர்வையில் வீசும் வாடையும் அதுவேதான். லிட்டருக்கு 10, 15 மைக்ரோகிராம் அளவில் இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரே ஒரு கிராம் சோட்டலோன் ஐந்து டேங்கர் லாரி ஒயினை மணக்கவைக்கப் போதும். அதை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டுவதில்லை. கொட்டச் சட்டமும் இடம் தராது. பீப்பாய்க்குள், ஆடைக்கடியில், திராட்சையிலிருந்தும் ஈஸ்ட்டிலிருந்தும் அது தானாகவே விளைகிறது.

முதன்முதலில் அக்காள் ஒரு கோப்பையில் ஊற்றித் தந்தபோது, "உலையில் வெந்தயம் போட்டிருக்கிறாயா?" என்று நான் அடுப்பைத் திரும்பிப் பார்த்தது நினைவுக்கு வருகிறது. அடுப்பு அணைந்திருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இந்த மணத்தைக் 'கறி' என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அவர்களுக்குக் 'கறி' என்றால் கடைகளில் கிடைக்கும் ஒரு மஞ்சள் பொடி, அதில் வெந்தயம் மிகுதி. அங்கே வருணனைக்காகச் சொல்லப்பட்ட சொல், மொழிபெயர்ப்பில் செய்முறையாக மாறித் தங்கள் பக்கத்தில் வந்துவிட்டது என்றே ஊகிக்கிறேன். எந்த மணத்தை அவர்கள் கீழ்த்திசையிலிருந்து கடன் வாங்கிய ஒரு சொல்லால் சுட்டுகிறார்களோ, அதை நம் வீட்டுக் குழந்தைகூட ஐந்தறைப்பெட்டியைத் திறந்து பெயர் சொல்லிக் காட்டிவிடும்.

மணம் ஒருபுறமிருக்க, இந்த ஒயினின் குணத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை என்பது என் மனக்குறை. நிறம் பழைய பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கிய மறுநாள் இருப்பதைப் போன்றது. நிறத்தைப் பார்த்து இனிப்பை எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். இதில் இனிப்பு அறவே இல்லை. முதல் மிடறு கூர்மையான புளிப்போடும், உப்பை ஒத்த ஒரு சுவையோடும், அக்ரூட் தோலின் இலேசான துவர்ப்போடும் நாக்கில் இறங்கும். விழுங்கிய பிறகுதான் அதன் முழு உருவம் புலப்படும். வறுத்த கொட்டை, உலர்ந்த பழம், ஈரமண், இறுதியாக வெந்தயம் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, ஓரிரு நிமிடங்கள் வரை வாயில் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் பலர் முதல்முறை முகம் சுளிப்பது உண்மை. என் மனைவி இன்னும் சுளிக்கிறாள். அதற்காக அதைக் கெட்டுப்போனது என்று சொல்வது, பெருங்காயத்தை முதன்முதல் முகர்ந்த வெளிநாட்டார் அது அழுகிவிட்டது என்று சொல்வதைப் போன்றதுதான்.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஜில்லென்று பரிமாறினாலும் இந்தக் குணம் வெளிப்படாது. 14 முதல் 16 பாகை வெப்பத்தில், சில மணி நேரம் முன்னதாகவே தக்கையைத் திறந்து, நிற்கவைத்து ஊற்ற வேண்டும். காற்றோடு ஆறு ஆண்டுகள் பழகிய ஒயின் என்பதால் திறந்த பிறகும் அது எளிதில் கெடுவதில்லை. ஜூராவில் வழக்கமான துணை, அந்த மலைப்பகுதியின் கோம்தே என்ற பாலாடைக்கட்டியும் அக்ரூட்டும். விருந்தென்றால் மோரெல் காளானும் பாலேடும் மஞ்சள் ஒயினும் சேர்த்துச் சமைத்த சேவல். என் அக்காள் ஒருமுறை வெந்தயம் தாளித்த வஞ்சிரக் குழம்போடு அதை வைத்தாள். வெந்தயத்துக்கு வெந்தயம் ஒத்துப்போயிற்று, புளிக்குப் புளி ஒத்துப்போகவில்லை. தேங்காய்ப்பால் ஊற்றிய சொதி என்றால் பொருந்தியிருக்கும் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

புட்டியின் அளவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அறுவடைக்குப் பிந்தைய ஆறாம் ஆண்டின் டிசம்பர் 15ஆம் தேதி வரை இந்த ஒயின் பீப்பாயை விட்டு வெளியே வரக் கூடாது. அதில் 60 மாதங்களாவது ஆடைக்கடியில் இருந்திருக்க வேண்டும். 2018இல் பறித்த திராட்சையின் ஒயின் 2025 ஜனவரியில்தான் கடைக்கு வரலாம். இந்தக் காலத்துக்குள் ஒரு லிட்டரில் எஞ்சுவது 62 சென்டிலிட்டர் என்பது அங்கே வழிவழியாக வரும் கணக்கு. அந்த 62 சென்டிலிட்டரையே அளவாகக் கொண்டு, தோள் அகன்று கழுத்துக் குறுகிய கிளவ்லேன் என்ற புட்டியை அமைத்திருக்கிறார்கள். மஞ்சள் ஒயினை அதில்தான் அடைத்தாக வேண்டும். அளவு புட்டியின் மீது அச்சிடப்பட்டே இருக்கிறது. 228 லிட்டர் ஊற்றிய பீப்பாயில் கடைசியில் 140 லிட்டர் அளவே மிஞ்சுகிறது என்றால், இதில் இழப்பு வாங்குபவருக்கா, ஆறு ஆண்டுகள் காத்திருந்து காற்றுக்குப் பங்கு கொடுத்தவருக்கா என்பதைத் தங்கள் கட்டுரையாளரே சொல்லட்டும்.

ஏமாற்றும் நோக்கம் உடையவர்கள் செய்யாத இன்னொன்றையும் அவர்கள் செய்கிறார்கள். ஷாட்டோ ஷலோன் என்பது செங்குத்தான பாறை முகட்டில் அமர்ந்திருக்கும் ஒரு சிற்றூர். அதன் கீழேயுள்ள ஏறக்குறைய 50 ஹெக்டேர் தோட்டத்தின் மஞ்சள் ஒயினுக்கு மட்டுமே அந்த ஊரின் பெயர் உரியது. 1936 முதல் சட்டம் அந்தப் பெயரைக் காக்கிறது. ஒவ்வோராண்டும் அறுவடைக்கு முன் ஒரு குழு தோட்டந்தோட்டமாக நடந்து திராட்சையின் முதிர்ச்சியையும் நலத்தையும் பார்க்கிறது. 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் திராட்சை தேறவில்லை என்று தீர்மானித்து, அந்த ஊர்ப் பெயரில் ஒரு புட்டிகூட வெளியிடவில்லை. மழை கெடுத்த ஆண்டில் பெயரையே விட்டுக்கொடுக்கிறவர்கள், கெட்ட ஒயினை மசாலா போட்டு மறைப்பார்களா?

வெள்ளை ஒயின் வயதைத் தாங்காது என்ற கருத்தும் பரவலானது. அதற்குக் கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல முடியாது. சிவப்பு ஒயினுக்குத் தோலிலிருந்து வரும் துவர்ப்புப் பொருள் காவலாக இருப்பதால் அதுவே நீடிக்கும் என்று எண்ணுகிறோம். வெள்ளைக்குப் புளிப்பே காவல். லுவார் ஆற்றங்கரையின் வூவ்ரே, போர்தோ பகுதியின் சொத்தேர்ன் போன்ற வெள்ளை ஒயின்களில் சிறந்தவை பல பத்தாண்டுகள் தாங்குகின்றன. ஸ்பெயினின் ஷெர்ரி ஒயினிலும் இதே போன்ற ஆடை வளர்கிறது; ஆனால் அதில் வெளியிலிருந்து சாராயச் சத்தைச் சேர்க்கிறார்கள், பல ஆண்டுகளின் ஒயினையும் கலக்கிறார்கள். மஞ்சள் ஒயினில் அந்தச் சேர்க்கை இல்லை, புட்டியில் எந்த ஆண்டு எழுதப்பட்டிருக்கிறதோ அந்த ஆண்டின் விளைச்சலே உள்ளே இருக்கும். மஞ்சள் ஒயினின் நீண்ட ஆயுளுக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். பதினாறாம் லூயி அரியணை ஏறிய 1774ஆம் ஆண்டில் விளைந்த திராட்சையைக் கொண்டு, அனத்துவால் வெர்செல் என்ற ஆர்புவாத் தோட்டக்காரர் செய்த ஒயினின் சில புட்டிகளை அவருடைய வழித்தோன்றல்கள் நிலவறையில் காத்துவந்தார்கள். 1994இல் அவற்றுள் ஒன்றைத் திறந்து, தேர்ந்த சுவைஞர்கள் 24 பேர் கூடிச் சுவைத்துப் பத்துக்கு 9.4 மதிப்பெண் கொடுத்தார்கள். 220 ஆண்டுகளுக்குப் பிறகும் அதில் அக்ரூட்டும் இலவங்கப்பட்டையும் அவர்கள் சொல்லும் அந்தக் 'கறி'யும் மணந்ததாகப் பதிவு செய்தார்கள். மற்றொரு புட்டி 2018 மே மாதம் லோன்-ல-சோனியே நகரில் 1,03,700 யூரோவுக்கு ஏலம் போயிற்று. விலை எனக்கு வியப்பளிக்கவில்லை; பணம் உள்ளவர்கள் எதையும் வாங்குவார்கள். இரு நூற்றாண்டுகள் கடந்தும் சோட்டலோன் மூக்கில் ஏறியது என்பதுதான் என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்த செய்தி.

தெளிந்த கள்ளுக்குத் 'தேறல்' என்று தனிப்பெயர் வைத்த மொழி நம்முடையது. அந்த மொழியில் ஒரு பானத்தைப் பற்றி எழுதும்போது 'பழுத்தது' என்பதற்கும் 'கெட்டது' என்பதற்கும் வேறுபாடு தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையாகாது. பழுப்பு நிறமேறிப் பொலிவிழந்து, காடி வாடை வீசும் வெள்ளை ஒயின்களும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. வெயில் படும் கடைச் சன்னலில் ஆண்டுக்கணக்கில் நிற்கவைத்த மலிவான புட்டிகளைப் புதுச்சேரியிலேயே வாங்கி ஏமாந்திருக்கிறேன். அவை பீப்பாயின் ஆடையைக் கண்டதில்லை. அவற்றையும் ஜூராவின் மஞ்சள் ஒயினையும் ஒரே வரியில் நிறுத்தியதால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீண்டுவிட்டது.

இடநெருக்கடி தங்களுக்கு இருக்கும் என்பதை அறிவேன். கடிதம் முழுவதையும் வெளியிட இயலாவிட்டால், "கறிமசாலா மணம் சேர்க்கப்படுகிறது" என்ற வாக்கியத்துக்கு மட்டுமாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 'சேர்க்கப்படுகிறது' என்பதை எடுத்துவிட்டு 'தானே விளைகிறது' என்றும், 'கறிமசாலா' என்பதை எடுத்துவிட்டு 'வெந்தயம்' என்றும் மாற்றினால் போதும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.